மிளகாய் சுடும் நேரத்தில் கடிக்கும் பெட்டி

பெட்டி மறுபடியும் கடித்தது. நைதென் விரலை உதறிக்கொண்டு முதல் வேலையாகக் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கலேனா பார்க்கவில்லை. சமையலறையை ஒட்டிய பால்கனியில் குடைமிளகாய் கழுவிக்கொண்டிருந்தாள். வாளியில் தண்ணீர் சளசளக்கிற சத்தம் கேட்டது.

கடி என்றால் பெரிய கடி இல்லை. விரல் நுனியில் எறும்புக் கூட்டம் ஓடுகிற மாதிரி ஒரு சுருசுருப்பு. தன்னோடு போகிற விஷயமாக இருந்திருந்தால் நைதென் அதைச் சட்டை பண்ணியிருக்க மாட்டான். ரூசே நகரத்து டிராலிபஸ் டிப்போவில் பிரேக் பார்க்கிறவன் அவன். கை முழுக்கக் காய்ப்பு. ஆனால் அந்தப் பெட்டியை அடிக்கடி தொடுகிறவள் அவன் பெண்டாட்டி கலேனா. போன வசந்தத்தில் அவளுடைய இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்திருந்தார்கள். இதயம் அடிக்க மறந்தால் அது ஞாபகப்படுத்தும்.

"உடம்புக்குள்ள கரண்ட் ஏறுற மாதிரி எதுவும் கிட்ட வரக்கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து நைதெனுக்கு வீட்டிலுள்ள இரும்புச் சாமான் ஒவ்வொன்றும் விரோதியாகத் தெரிந்தது. ஸ்பீக்கரில் காந்தம் இருக்கிறதென்று இரண்டையும் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் கொண்டுபோய் வைத்தான். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்ப்பான். அவள் கண்ணைத் திறந்தால் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறவன்போல எழுந்து போவான்.

பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டால் தொல்லை விட்டது. எறிய முடியாமல் போனதற்குக் காரணம் வியாழக்கிழமை.

கலேனா ஊர் மன்றத்துப் பாடகர் குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாடுகிறவள். அடிக்குரல். கூட்டத்தில் அவள் குரல் தனியாகக் கேட்காது, ஆனால் அவள் வராத அன்று பாட்டு காலில்லாத நாற்காலி மாதிரி ஆடும். பேஸ்மேக்கர் வைத்த பிறகு ஆறு மாடி ஏறி இறங்க அவளுக்கு மூச்சு போதவில்லை. லிஃப்ட்டோ மனசு வந்தால்தான் ஓடும். ஆகவே குழுத்தலைவி மன்றத்தில் ஒரு மைக்கை வைத்து, வியாழன் ஒத்திகையை நெட் வழியாக அனுப்ப ஏற்பாடு செய்தாள். போனில் கேட்டுப் பார்த்தார்கள். கொசு பாடுகிற மாதிரி இருந்தது. அடிக்குரல் சுத்தமாகக் காணோம்.

அதற்காகத்தான் நைதென் இந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்கினான். ஒரு பக்கம் நெட் கேபிளைச் செருகினால் மறுபக்கம் ஸ்பீக்கரில் பாட்டு கொட்டும். டிப்போவில் ஒருத்தன் வைத்திருந்தான். வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம் இரண்டு பெரிய குடுவை கொடுத்து மாற்றிக்கொண்டான். கொடுத்தவன் குடுவையைப் பார்த்தே பேசினான், நைதென் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

கொண்டுவந்து வைத்த அன்றே உர்ரென்று ஓர் உறுமல். மேல்தகட்டைத் தொட்டால் சுருசுருப்பு. கலேனாவின் தம்பி ஸ்பாஸ் வந்து பார்த்தான். தெரியாத வேலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதாக ஒப்புக்கொள்ளாத ஆள்.

"இதுக்கா மச்சான் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்க? பெட்டி எர்த் கேக்குது. உன் வீட்டுல எர்த் எங்க இருக்கு?"

"சாக்கெட்டுல எர்த் தகடு இருக்கே."

"தகடு இருக்கு. தகட்டுக்குப் பின்னாடி ஒயர் இருக்கா? இந்தக் கட்டடத்தைக் கட்டுனவன் ரெண்டு ஒயரோட கைய கழுவிட்டான். நியூட்ரல்ல இருந்து ஒரு துண்டு ஒயர எடுத்துத் தகட்டுல முறுக்கி விடு. கதை முடிஞ்சுது."

"அப்படிப் போடலாமாடா?"

"என் வீட்டுல முப்பது வருஷமா அப்படித்தான். எங்கப்பன் போட்டது."

"உங்கப்பன் இப்ப இல்லையே."

"அவரு போனது நுரையீரல்ல. சாக்கெட்டுல இல்ல."

நைதென் போட்டான். உறுமல் நின்றது, சுருசுருப்பு போயே போய்விட்டது. சந்தோஷத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்க மனம் வராமல் சமையலறை சாக்கெட், பால்கனி சாக்கெட் எல்லாவற்றுக்கும் அதேபோல் ஒரு துண்டு ஒயரை முறுக்கினான். கோடை முழுக்க வியாழக்கிழமைகளில் கலேனா ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலி போட்டு, முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்துக்கொண்டு பாடினாள். நைதென் சமையலறையில் உட்கார்ந்து கேட்பான். அவள் மூச்சு எந்த இடத்தில் உடைகிறது, எந்த வாரம் உடையாமல் போகிறது என்றெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

செப்டம்பர் வந்ததும் பெட்டி பழைய குணத்தைக் காட்ட ஆரம்பித்தது. நடுப்பாட்டில் மூச்சடைத்து நிற்கும், நெட் விளக்கு சிவப்பாகும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக உயிர் வரும். தொட்டால் கடி. முன்னைவிடக் காரமான கடி.

ஸ்பாஸ் கண்டென்சர் என்றான். உப்பியிருந்ததை எல்லாம் கழற்றிப் புதிதாக ஈயம் வைத்து ஒட்டினான் நைதென். நெட் கேபிள் செருகுகிற வாயைச் சாராயம் தொட்டுத் துடைத்தான். மொட்டைமாடியில் கேபிள்காரன் வைத்த பெட்டிவரை போய்க் கேபிளை ஆட்டிப் பார்த்தான். ஒரு நாள் ஆம்ப்ளிஃபயரை மூட்டை கட்டி டிப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓய்வறையில் ஓட விட்டான். காலையிலிருந்து ஷிஃப்ட் முடியும்வரை மூச்சுக்கூட விடாமல் பாடியது. கடிக்கவும் இல்லை. கண்டக்டர் பெண்கள் இரண்டு பேர் அதற்கு ஆடவும் செய்தார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தான். கடித்தது.

"வீட்டுக்கு வந்தா மட்டும் உனக்கு என்ன கேடு?" என்றான் பெட்டியிடம்.

"யார்கிட்டய்யா பேசுற?" என்று பால்கனியிலிருந்து கலேனா குரல் வந்தது.

"பெட்டிகிட்ட."

"என்கிட்ட பேசுறதவிட அதுகிட்டதான் அதிகமா பேசுற."

"அது எதிர்த்துப் பேசாது."

"அதான் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகுது." கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். "இன்னிக்கு ஒத்திகைக்குள்ள சரியாயிடுமா, நைதோ? புதுப்பாட்டு எடுக்குறாங்க."

"ஆயிடும். ஆனா நீ தொடாத. பட்டன் லூசா இருக்கு, கையோட வந்துடும். ஏதாவது வேணும்னா என்னைக் கூப்பிடு."

சரி என்று, அந்த ஊர் வழக்கப்படி, தலையை இடமும் வலமும் ஆட்டினாள். பட்டன் லூசாக இருக்கிறது என்பதை அவள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அவன் அந்த முகத்தைப் பார்க்காமல் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டான். அவளும் ஏதோ சொல்ல வந்தவள்போல நின்று, விரல்களை ஏப்ரனில் திரும்பத் திரும்பத் தேய்த்துவிட்டுப் போனாள். ஈரம் துடைக்கிறாள் என்றுதான் நினைத்தான்.

அழைப்பு மணி அடித்தது. நான்காம் மாடி தோன்கா. கட்டடத்துக்கு நிர்வாகி, எல்லாப் பூட்டுக்கும் சாவி அவள் இடுப்பில். கையில் மிளகாய் சுடுகிற மின்பானையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். கனமான இரும்புப் பானை, நடுவில் ஒரு குழி. மிளகாயை நிற்க வைத்து மூடினால் தோல் கருகி வரும். செப்டம்பரில் அந்தப் பானை வேலை செய்யாத பால்கனி ஊரில் கிடையாது.

"கலேனா, எனக்கு வேலை முடிஞ்சுது. இதையும் வெச்சுக்கோ. ஒத்தப் பானைய வெச்சுக்கிட்டு எப்படி இந்த மிளகாய் மூட்டைய முடிப்ப?"

"நல்லதாப் போச்சு தோன்கா அக்கா. என் பானைக்கு இந்த வருஷம் என்ன வந்துச்சோ, காலையிலருந்து ஓடுது, சூடே ஏற மாட்டேங்குது. ஒரு மிளகாய்க்கு ஒரு மணி நேரம் நிக்குது."

"அதுக்கும் வயசாகுது, உன் புருஷன் மாதிரி." தோன்கா கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா நைதென், இதைக் குடையுற நேரத்துல லிஃப்ட்டைக் கொஞ்சம் குடையக் கூடாதா?"

"எனக்குத் தெரிஞ்சது பிரேக் அக்கா. உங்க லிஃப்ட்டு நல்லாத்தான் நிக்குது. ஓட வைக்க வேற ஆளப் பாருங்க."

தோன்கா சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். கலேனா பானையைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தூக்காதே என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடி, அவன் தூக்கி வைத்துவிட்டு வந்தான்.

நைதென் ஸ்பாஸிடம் இரவல் வாங்கிய மீட்டரை எடுத்தான். பெட்டிக்குள் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடிக்கிற கடி எவ்வளவு என்றாவது தெரிந்துகொள்ளலாமே. குளிருக்கு வெந்நீர் ஓடுகிற ரேடியேட்டர் குழாயில் பெயின்டைக் கொஞ்சம் சுரண்டி மீட்டர் ஒயரின் ஒரு முள்ளை அங்கே வைத்தான். மற்றதைப் பெட்டியின் மேல்தகட்டில் வைத்தான். பதினெட்டு என்று காட்டியது. பதினெட்டு வோல்ட்டு. சுருசுருப்புக்குச் சரிதான்.

அப்போது பால்கனியில் இரண்டாவது பானையின் பிளக்கை கலேனா சாக்கெட்டில் செருகுகிற சத்தம் கேட்டது.

மீட்டரில் எண் எகிறியது. நாற்பது. கூடத்து விளக்கு மங்கியது. நாற்பத்தைந்து, அறுபது. இறங்கியது. மறுபடி ஏறியது.

நைதென் மீட்டரிலிருந்து தலையை எடுத்துப் பால்கனிப் பக்கம் பார்த்தான். பெட்டி கடிப்பது மிளகாய் சுடும்போது மட்டும்தான். இத்தனை நாளாக மூக்கில் ஏறிய புகை மண்டையில் ஏறவே இல்லை.

டிராலிபஸ்ஸின் தலையில், மேலே ஓடுகிற மின்கம்பிகளைத் தொடுகிற மாதிரி இரண்டு கொம்பு இருக்கிறது. ஒன்று கரண்டைக் கொண்டுவரும், மற்றது திருப்பிக் கொண்டுபோகும். போகிற வழி கெட்டால் கரண்ட் வண்டியின் உடம்பிலேயே தேங்கி நிற்கும். வண்டிக்குள் இருக்கிறவனுக்கு ஒன்றும் ஆகாது. காலைத் தரையில் வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தொடுகிறவன்தான் மாட்டுவான். டிப்போவில் பிரேக் பார்க்கிறவனுக்கும் கூட்டிப் பெருக்குகிறவளுக்கும் தெரிந்த பாடம் அது.

இந்த வீட்டில் கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், அந்த நியூட்ரல், எங்கேயோ பிடி தளர்ந்திருக்கிறது. பானைகள் இழுக்கிற கரண்ட் போக வழியில்லாமல் தேங்குகிறது. தேங்கினது, தன் கையால் முறுக்கின துண்டு ஒயர் வழியாக எர்த் தகட்டுக்கு ஏறுகிறது. அங்கிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து நெட் கேபிளின் வெள்ளித்தாள் உறை வழியாக மொட்டைமாடிக்கு. பாட்டு நிற்பதும் பானை சூடு ஏறாததும் அதனால்தான். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. பால்கனி சாக்கெட்டிலும் அதே துண்டு ஒயர். பானைகளின் இரும்பு உடம்பிலும் இப்போது அதே அறுபது. ஒயர் முழுதாக விட்டுப்போனால் அறுபதில் நிற்காது.

கலேனா அங்கே ஈரக்கையோடு நிற்கிறாள். மிளகாயைத் திருப்பும்போது ஒரு கையால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொள்வது அவள் வழக்கம். மூச்சு வாங்குவதால்.

கத்த வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். கத்தினால் பயந்துபோய்த் திரும்புவாள். திரும்புகிறவள் பக்கத்தில் இருப்பதைப் பிடிப்பாள்.

மெயின் சுவிட்ச் வாசல் கதவுக்குப் பக்கத்தில். ஓடினான். சுவிட்ச் பலகைக்கு அடியில், குளிர்காலத்து மிளகாய்த் துவையலுக்காகக் கழுவிக் காயவைத்த கண்ணாடிச் சாடிகள் நெஞ்சுயரம் அடுக்கியிருந்தன. அடுக்கினவன் அவன்தான். நகர்த்த நேரமில்லை. தோளால் இடித்துக்கொண்டே கையை நீட்டினான். அடுக்கு சரிந்தது. சாடிகள் ஒவ்வொன்றாக, பிறகு மொத்தமாகத் தரையில் விழுந்து சிதறின. விரல் சுவிட்சை எட்டியது. கீழே தள்ளினான்.

விளக்கு அணைந்தது. பிரிட்ஜ் முனகி அடங்கியது. பால்கனியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"கலேனா!"

கண்ணாடி மேலேயே நடந்தான். காலில் ஏதோ குத்தியது, என்னவென்று பார்க்கவில்லை. சமையலறையைத் தாண்டுவதற்குள் அவன் அவளைத் தரையில் கண்டுவிட்டான். மிளகாய்களுக்கு நடுவே, முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து. மனசுதான் அப்படிக் காட்டியது.

அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடுக்கியில் ஒரு மிளகாய் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கை மார்பின் மேல், பேஸ்மேக்கர் இருக்கிற இடத்தில். முகம் வெளுத்திருந்தது.

"என்ன உடைஞ்சுது?" என்றாள் மெல்ல.

"தொட்டியா? பானையத் தொட்டியா? எங்கயாவது வலிக்குதா?"

"என் சாடியா?"

"சாடி நாசமாப் போகட்டும்! தொட்டியா இல்லையா, சொல்லுடி!"

"அந்தச் சத்தத்துக்கு எனக்கு உசுரே போயிடுச்சுய்யா." மார்பிலிருந்து கையை எடுத்தாள். "தொடல. தொட மாட்டேன். ரெண்டு மூணு நாளா இந்தப் பானையக் கையால தொடுறதில்ல."

நைதென் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். "ஏன்?"

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். அதன் பிடியில் மரக்கரண்டிக் காம்பு ஒன்றைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தாள். அதை அவன் அப்போதுதான் பார்த்தான்.

"விரல்ல எறும்பு ஓடுற மாதிரி இருந்துச்சு. நான் இதுன்னு நினைச்சேன்." மார்பைத் தட்டிக் காட்டினாள். "மிஷின் கெட்டுப்போச்சு, அதுலருந்துதான் கரண்ட் கைக்கு வருதுன்னு. சொன்னா நீ அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போவ. மறுபடி வெட்டுவாங்க. ஒத்திகையும் போயிடும். புதுப்பாட்டை மட்டும் கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

"நானும் சொல்லல. பட்டன் லூசுன்னு சொன்னது பொய்."

"அது எனக்குத் தெரியும்."

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். நாடியில் விரலை வைத்தான். அது ஒழுங்காக அடித்தது; ஒழுங்காகத்தான் அடிக்கும், மிஷின் அடிக்கிறது என்று தெரிந்தும் விடவில்லை. அவனுடைய நாடிதான் கண்டபடி ஓடியது.

"ரத்தம் வருது உன் கால்ல" என்றாள் கலேனா.

மாடிப்படியில் ஏதோ கருகுகிற வாடை. பானையின் வாடை இல்லை, ரப்பர் வாடை. தோன்கா சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு ஏறி வந்தாள். கரண்ட் மீட்டர்கள் இருக்கிற அலமாரியைத் திறந்ததும் புகை குப்பென்று வந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகுதான் மின்கம்பெனிக்குப் போன் பண்ணினாள்.

வந்த ஆள் முழுக் கட்டடத்துக்கும் கரண்டை நிறுத்திவிட்டு, நைதென் வீட்டு நியூட்ரலைக் குறட்டால் பிடித்து லேசாக இழுத்தான். அது தானாகவே கையோடு வந்தது. பழைய அலுமினிய ஒயர், நுனி கரிக்கட்டை. திருகு பழுப்பேறிப் போயிருந்தது.

"இன்னும் ரெண்டு மிளகாய் சுட்டிருந்தா விட்டுப்போயிருக்கும்" என்றான். வீட்டுக்குள் வந்து சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தவன் முகம் மாறியது. "இதை முறுக்குனது யாரு?"

"நான்."

அந்த ஆள் கலேனாவின் கழுத்துக்குக் கீழே தெரிந்த தழும்பைப் பார்த்தான். பிறகு ஸ்க்ரூடிரைவரை நைதென் கையில் கொடுத்தான். "எடுத்துடுங்க. எல்லாத்தையும். நான் நிக்கிறேன். கீழ்த்தளத்துலருந்து உண்மையான எர்த் ஒயர் இழுத்தப்புறம்தான் அந்தப் பெட்டிக்குக் கரண்ட்."

சாயங்காலம் ஸ்பாஸ் வந்தபோது நைதென் கட்டுப்போட்ட காலோடு கடைசி சாக்கெட்டை மூடிக்கொண்டிருந்தான்.

"ஒரு திருகு தளர்ந்ததுக்கு இவ்வளவு கூத்தா? முப்பது வருஷமா என் வீட்டுல—"

"உன் அக்கா ஈரக்கையோட அங்க நின்னுக்கிட்டிருந்தா, ஸ்பாஸ்."

ஸ்பாஸ் பால்கனிப் பக்கம் பார்த்தான். கலேனா அங்கே முக்காலியில் உட்கார்ந்து சுட்ட மிளகாயைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் போன் சாய்த்து வைத்திருந்தது. கொசுக்குரலில் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. போனில் வராத அடிக்குரலை அவளே போட்டுப் பாடினாள். ஸ்பாஸ் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான். கொண்டுவந்த பீரைத் திறக்காமலே வைத்துவிட்டுப் போனான். வீடு போய்ச் சேர்ந்திருக்கக்கூட மாட்டான், போன் அடித்தது.

"மச்சான், அந்தத் துண்டு ஒயர... மெயின நிறுத்திட்டுத்தானே கழட்டுன?"

எர்த் ஒயர் செலவுக்காகத் தோன்கா குடியிருப்புக் கூட்டம் போட்டாள். மிளகாய்ப் பானை பேச்சு வந்ததும் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கீழ்த்தளத்திலிருந்து ஆறாம் மாடிவரை மஞ்சளும் பச்சையுமாக ஓர் ஒயர் ஏறியது. அது வந்த அன்று நைதென் ரேடியேட்டர் குழாயில் ஒரு முள், பெட்டியில் ஒரு முள் வைத்து மீட்டரைப் பார்த்தான். இரண்டு பானையும் ஓடின. எண் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று அவன் குனிவதற்குள் கலேனா வந்து உள்ளங்கையை முழுசாகப் பெட்டிமேல் வைத்துவிட்டாள்.

அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தான்.

"சூடா இருக்கு. வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

இப்போதும் காலையில் டிப்போவுக்குக் கிளம்புமுன் நைதென் ஒரு சுற்று வருவான். புறங்கையால் பெட்டியைத் தொடுவான், பிரிட்ஜைத் தொடுவான், பால்கனிக்குப் போய் மிளகாய்ப் பானையைத் தொடுவான். மிளகாய் முடிந்து பனி விழுந்த பிறகும், பிளக் செருகாத பானையையும் விடுவதில்லை. கலேனா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டே காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"கும்பிட்டு முடிச்சாச்சா?" என்பாள். "முடிச்சுட்டேன்னா காப்பியப் போடு."